ராஜா வைத்திருந்த இத்தாலியன் கார்: விலை வண்டிக்கா, ராஜாவுக்கா?

வி12_காதலன்

ஏலப் பட்டியல் புரட்டுவது எனக்கு ஒரு வியாதி. வாங்குகிற வசதி இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிலைமையில் இரண்டு வண்டி வந்தால், "முதல் உரிமையாளர் மன்னர் இன்னார்" என்று ஒரு வரி இருப்பது எப்போதும் மேலே போய் நிற்கிறது. இந்த வரிக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்பதுதான் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் அது வெட்டிப் பெருமை. ராஜா கையெழுத்துப் போட்டார், டிரைவர் ஓட்டினான், கொட்டகையில் நின்றது, அவ்வளவுதான். ஆனால் சில வண்டிகள் ராஜா கேட்டதால்தான் பிறந்தன. கடையில் தொங்குகிற சங்கிலியை வாங்குவதும், ஆசாரியைக் கூப்பிட்டு இப்படி ஒன்று செய் என்பதும் ஒன்றில்லையே.

எனக்குத் தெரிந்து இதற்கு முதல் உதாரணம் மாசெராட்டி 5000 ஜிடி. 1957 மாசெராட்டிக்கு உச்சமும் பள்ளமும் ஒரே வருடத்தில் வந்த காலம். அந்தக் கம்பெனியின் 250எஃப் பந்தயக் காரில் ஓட்டுநர் ஃபாஞ்சியோ ஐந்தாவது முறை உலக சாம்பியன் ஆனார். அதே வருட நவம்பரில் வெனிசுலாவின் கராகஸ் பந்தயத்தில் கம்பெனியின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதியும் எரிந்தும் போயின. ஏற்கெனவே கடன். கம்பெனியின் உரிமையாளரான ஓர்சி குடும்பம் பந்தயத் துறையையே மூடிவிட்டது. போதாததற்கு 1958 முதல் ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பில் 3 லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்று விதி வந்துவிட்டது. 450எஸ் பந்தயக் காருக்காகச் செய்த 4.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்கள் வேலை இல்லாமல் கிடந்தன.

அந்த நேரத்தில்தான் ஈரான் ஷா, முகமது ரேஸா பஹ்லவி வருகிறார். மாசெராட்டியின் 3500 ஜிடி அவருக்குப் பிடித்தது. ஆனால் இதைவிடப் பெரிதாக, வேறு எவரிடமும் இல்லாததாக வேண்டும் என்றார். தலைமைப் பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரி 3500 ஜிடியின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, வலுப்படுத்தி, சும்மா கிடந்த அந்தப் பந்தய வி8-ஐ அதில் இறக்கினார். மிலானின் டூரிங் பட்டறை உடலைக் கட்டியது. 1959-ல் வண்டி தயார். பிறகு அதே அடிப்படையில் வேறு வேறு பட்டறைகள் உடல் கட்ட, மொத்தம் 34 வண்டிகள் வந்தன. முதல் வண்டியின் வடிவத்துக்கே "ஷா டி பெர்சியா" (பாரசீக ஷா) என்று பெயர் நின்றுவிட்டது.

இந்த வண்டியின் ஏலக் குறிப்பில் ஷா பெயர் வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பிஸ்டன்

தம்பி, நல்லா ஆரம்பிச்சிருக்கீங்க. இன்ஜின் பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன்.

450எஸ்-ல போர், அதாவது சிலிண்டர் விட்டம், 93.8 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய் வர்ற தூரம், 81. அல்ஃபியேரி ஸ்ட்ரோக்கைத் தொடல. போரை மட்டும் 98.5 ஆக்கி 4.9 லிட்டருக்கு மேல கொண்டு போனார். வால்வைத் திறந்து மூடுற கேம் ஷாஃப்ட் நாலு, முதல் வண்டிகள்ல அதெல்லாம் கியர்லயே சுத்தும். கியர் டிரைவ்னா என்னன்னு பக்கத்துல நின்னு கேட்டவங்களுக்குத் தெரியும். பந்தயத்துல அந்த இரைச்சல் ஒரு பொருட்டே இல்ல. சீமான் கோட் சூட் போட்டுக்கிட்டு மனைவியோட ஓபரா பார்க்கப் போற வண்டியில, பக்கத்துல இருக்கிறவங்க பேசுறது காதுல விழாது. அதனாலதான் பிற்பாடு போர் 94, ஸ்ட்ரோக் 89-னு மாத்தி, கேமுக்குச் செயின் போட்டு, வெபர் கார்பரேட்டரை எடுத்துட்டு லூகாஸ் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வச்சாங்க. கொள்ளளவு கிட்டத்தட்ட அதேதான், குணம் வேற.

ஆக, ஷாவுக்குப் போனது பந்தயக் காரோட இதயம், அப்படியே. அடுத்து வாங்குன பணக்காரங்களுக்குப் போனது பக்குவப்படுத்துனது. விலையில வித்தியாசம் இருந்தா நான் ஞாயம்னுதான் சொல்வேன். ஆனா அது ராஜாவுக்காக இல்ல, கியருக்காக.

பத்மினி_விசிறி

எனக்குத் தெரிஞ்ச ஒரே இத்தாலியன் வண்டி ஃபியட் 1100. பிற்பாடு அதுக்கு பத்மினின்னு பேர் வச்சாங்க. ராஜா யாரும் வச்சிருந்ததா தெரியல, எங்க ஊர் டாக்டர் வச்சிருந்தார். தொடருங்க, படிச்சிட்டிருக்கேன்.

கணக்குப்பிள்ளை

ஆசாரியைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னார், சரி. கூலி யார் கொடுத்தது?

1953-ல் ஈரான் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்து ஷாவின் கையை ஓங்க வைத்தார்கள். அடுத்த வருடமே ஈரானின் எண்ணெய் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டமைப்புக்குப் போனது. அதற்குச் சில வருடம் கழித்து அதே மன்னர் இத்தாலியில் நின்று "எவரிடமும் இல்லாதது வேண்டும்" என்கிறார். நீங்கள் இதைக் கலைக்கு ஆதரவு என்கிறீர்கள். நான் இதை ஒரு செலவுச் சீட்டு என்கிறேன். ஏலப் பட்டியலில் அந்த வரி வேண்டும்தான், ஆனால் முழு வரியாக வேண்டும்: யார் வாங்கினார், எந்தப் பணத்தில் வாங்கினார்.

வி12_காதலன்

கணக்குப்பிள்ளை சார், அந்த வழியில் போனால் தாஜ்மகாலுக்கும் டிக்கெட் வாங்க முடியாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொருளின் மதிப்பு வேறு, வாங்கியவரின் யோக்கியதை வேறு என்கிறேன்.

கணக்குப்பிள்ளை

பொருளின் மதிப்பும் வாங்கியவரும் வேறு வேறு என்றால், இந்த இழையின் தலைப்புக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். ராஜாவின் பெயருக்கு ஒரு பைசாகூடத் தரக் கூடாது.

ஆக்டேன்93

ஷா என்றதும் எனக்கு மாசெராட்டி ஞாபகம் வராது, மியூரா எஸ்விஜே-தான். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

1966 ஜெனீவா கண்காட்சியில் லம்போர்கினி மியூரா வந்தது. பெர்டோனே பட்டறை, மார்செல்லோ காந்தினியின் கோடு. 3.9 லிட்டர் வி12, சீட்டுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும். 1970-ல் கம்பெனியின் சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் தன் ஆசைக்கு ஒரே ஒரு வண்டியைப் பிரித்து மேய்ந்தார். மெல்லிய அலாய் தகடு, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், எடை 900 கிலோவைச் சுற்றி. அதுதான் "ஜோட்டா". கம்பெனி அதை விற்றது. 1971-ல் பிரெஷியா அருகே, இன்னும் திறக்காத புறவழிச்சாலையில் மோதி எரிந்து போனது.

வண்டி போனாலும் பேச்சு போகவில்லை. எனக்கும் ஜோட்டா மாதிரி ஒன்று என்று சில வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கம்பெனியே செய்து கொடுத்த சில வண்டிகளுக்குத்தான் எஸ்விஜே என்று பெயர். முதலாவது, சேஸி எண் 4934, ஷாவுக்கு. அடர் சிவப்பு உடல், உள்ளே வெள்ளைத் தோல். 1971-ல் அவர் குளிர்கால ஓய்வுக்குப் போகும் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்கே அனுப்பினார்கள். பனிச்சாலை என்பதால் டயரில் ஆணி அடித்து! 380 குதிரைக்கு மேல், பின்சக்கர ஓட்டம், ஆல்ப்ஸ் பனி. இதைக் கேட்டவர் துணிச்சல்காரரா, புரியாதவரா என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்பு வரவில்லை.

1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டுப் போனார். வண்டியைப் புதிய அரசு பறிமுதல் செய்தது. 1995-ல் துபாயில் ஒரு தனியாரிடம் வந்து சேர்ந்தது. 1997-ல் ஜெனீவாவில் ப்ரூக்ஸ் ஏலத்தில் நடிகர் நிக்கோலஸ் கேஜ் எடுத்தார். ஏலத்தில் ஒரு மியூராவுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2002 வாக்கில் அவரும் விற்றுவிட்டார்.

என் கருத்து இதுதான்: இந்த வண்டிக்கு ராஜா பெயர் மட்டும் விலை சேர்க்கவில்லை. ராஜா, புரட்சி, பறிமுதல், ஹாலிவுட் எல்லாம் சேர்ந்துதான் விலை. ஷா பதவியில் அமைதியாகச் செத்திருந்தால் இந்த மியூரா இவ்வளவு பேசப்பட்டிருக்காது.

பழைய_பிஸ்டன்

பனியில மியூராவா! படிச்சவுடனே எனக்கு வயித்தக் கலக்குது.

அந்த வண்டியோட குணம் தெரியணும். பெட்ரோல் டேங்க் முன்பக்கம். டேங்க் காலியாக ஆக மூக்கு லேசாகும், வேகம் போனா முன்னால தூக்கும், ஸ்டீயரிங் கையில காத்து மாதிரி ஆகிடும். ஆரம்ப மியூராக்கள்ல இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில், பழைய மினி கார் மாதிரி. கியர்ல இருந்து உதிர்ற இரும்புத் தூள் பேரிங்குக்குப் போகும். எஸ்விங்கிற கடைசி வகை மியூராவுல, அதுலயும் கடைசியா வந்த வண்டிகள்ல, கம்பெனியே ரெண்டையும் பிரிச்சிடுச்சு. இன்னிக்கு வாங்குறவன் முதல்ல கேக்குற கேள்வியே, சம்ப், அதாவது ஆயில் தொட்டி, பிரிச்சதா பிரிக்காததாங்கிறதுதான்.

இன்னொண்ணு தீ. வெபர் கார்பரேட்டர் வரிசையா இன்ஜின் தலைக்கு மேல நிக்கும். சிக்னல்ல ஐடில்ல நிறுத்திட்டு பந்தாவா உறுமினா, மிதவைத் தொட்டி நிரம்பி வழியும், கீழ சூடு. பல மியூரா இப்படித்தான் எரிஞ்சது. ஓட்டிட்டே இருந்தா பிரச்சினை கம்மி. நிக்க வச்சு ஊர்வலம் காட்டுனாத்தான் ஆபத்து. ராஜாக்களுக்கு இது பொருந்துற வண்டியான்னு யோசிச்சுக்கங்க.

பிரசெல்ஸ்_பெடியன்

அண்ணையாக்கள், எல்லாரும் ஷாவிலயே நிக்கிறியள். நான் இருக்கிற நாட்டுக் கதை ஒண்டு சொல்லுறன்.

பெல்ஜியத்தின்ர மன்னர் மூன்றாம் லியோபோல்ட். 1951-ல மகன் போதுவானுக்கு முடியைக் குடுத்திட்டு விலகினவர். போரில ஜேர்மன்காரரிட்டச் சரணடைஞ்சது, அவையின்ர காவலில இருக்கேக்க இரண்டாம் கலியாணம் கட்டினது எல்லாம் சேர்ந்து நாடே இரண்டுபட்டுப் போச்சுது. முடி போன பிறகு மனுசன் ஃபெராரிப் பக்கம் திரும்பினார். 1953-ல 342 அமெரிக்கா கப்ரியோலே (கூரை திறக்கிற வண்டி), பினின் ஃபரினா பட்டறை கட்டினது. 1955-ல அவருக்கெண்டே தனியா இன்னொரு கப்ரியோலே. அதுக்குள்ள இருந்தது 375 பிளஸ் இன்ஜின், 4.9 லிட்டர். 1954 லெ மான் பந்தயத்தில கொன்சாலஸும் த்ரான்தின்யோவும் வெண்ட வண்டியின்ர வகை. கூரை திறந்த உலாக் காருக்குள்ள லெ மான் இன்ஜின்! மாசெராட்டியில ஷா செய்ததை நாலு வருசம் முந்தியே இவர் ஃபெராரியில செய்விச்சவர். வி12 அண்ணை, உங்கட "முதல் உதாரணம்" இதாத்தான் இருக்க வேணும்.

இதில எனக்கு ஒரு விசயம் விளங்கிறேல்ல. 1935 ஓகஸ்டில சுவிஸில லூசேர்ன் ஏரிக்குப் பக்கத்தில பக்கார்ட் கார் றோட்டை விட்டு விலகி, முதல் மனைவி அஸ்ட்ரிட் ராணி செத்துப் போனா. ஸ்டீயரிங் பிடிச்சிருந்தவர் லியோபோல்ட்தான். பெல்ஜியச் சனம் இண்டைக்கும் அஸ்ட்ரிட்டை மறக்கேல்ல. அப்பிடி ஒரு விபத்துக்குப் பிறகு, மனுசன் ஃபெராரியின்ர ஆகப் பெரிய இன்ஜினைக் கேட்டு வாங்கினதை என்னெண்டு சொல்லுறது? ஏலப் பட்டியலில இது வாறேல்ல. "அரச உடைமை" எண்ட ஒரு வரிதான் வரும்.

இரண்டாம் மனைவி லிலியானும் சும்மா ஆளில்லை. என்ட்ஸோ ஃபெராரியோட நல்ல சிநேகிதம். 1967-ல 330 ஜிடிசி ஸ்பெஷாலே எண்டு நாலு வண்டிதான் கட்டினவை, அதில ஒண்டு அவவுக்கு. சனத்துக்கு அவவைப் பிடிக்காது, ராணிப் பட்டமும் கிடைக்கேல்ல. வண்டியைத் தெரிஞ்சு எடுக்கிற கண் மட்டும் இருந்தது.

வி12_காதலன்

தம்பி, 375 பிளஸ் கப்ரியோலே அருமையான உதாரணம். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். லியோபோல்டின் வண்டி ஒற்றை வண்டியாகவே நின்றது. ஷா கேட்டது ஒரு மாடலாக வளர்ந்தது. 34 வண்டி என்பது இன்றைக்குச் சின்ன எண். ஆனால் கடனில் தத்தளித்த மாசெராட்டி "நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று பணக்காரர்களுக்குக் காட்ட அது போதுமானது. ஃபியட் குடும்பத்து அக்னெல்லி வாங்கினார், இஸ்மாயிலி மதத் தலைவர் கரீம் ஆகா கான் வாங்கினார், மெக்சிகோ அதிபர் லோபெஸ் மத்தேயோஸ் வாங்கினார். முதல் ஆள் கேட்டதால்தான் அடுத்தவர்களுக்கு அந்த வண்டி கிடைத்தது.

கணக்குப்பிள்ளை

பட்டியலில் நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஃபெராரி வாங்கியவர். 500 சூப்பர்ஃபாஸ்ட் என்பது 5 லிட்டர் இன்ஜினுக்காகவே பேர் போன மாடல், நாற்பதுக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். இவர் மட்டும் 4 லிட்டர் இன்ஜின் போட்டு வாங்கினார். இதே இளவரசர்தான் 1976-ல் லாக்ஹீட் விமான ஊழலில் மாட்டியவர். 11 இலட்சம் டாலர் கைமாறிய விவகாரம். இராணுவச் சீருடை போடும் உரிமையே போயிற்று. அந்தப் பணத்தில் இந்தக் கார் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, கார் 60-களிலேயே வந்துவிட்டது. ஆனால் "கௌரவமான அரச உடைமை" என்று அச்சடிக்கும்போது கௌரவம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாம்.

ஆக்டேன்93

புரூணையை இன்னும் யாரும் தொடவில்லையே! கணக்குப்பிள்ளை சாருக்கு அங்கேதான் விருந்து.

சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரி. 80-களின் கடைசியிலிருந்து 90-களின் நடுவரை ஃபெராரியும் பினின்ஃபரினாவும் இந்தக் குடும்பத்துக்காகவே தனிப் படிப்புப் படித்தன எனலாம். எஃப்90 என்று ஆறு வண்டி, டெஸ்டரோஸா அடிப்படையில், என்ரிகோ ஃபூமியாவின் வடிவம். பல வருடம் வெளி உலகுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 456 ஜிடி-யை நாலு கதவு எஸ்டேட்டாக மாற்றி "வெனிஸ்" என்றார்கள். ஃபெராரியில் சாமான் ஏற்ற வசதி! எஃப்எக்ஸ் என்ற இன்னொன்றில் வில்லியம்ஸ் பந்தயக் குழு செய்த கியர் பாக்ஸ்; கிளட்ச் மிதி கிடையாது. ஸ்டீயரிங் பக்கமிருந்தே கியர் மாற்றும் ஃபெராரியை மற்ற வாடிக்கையாளர்கள் எஃப்355-ல் பார்ப்பதற்கு முன்பே இங்கே யோசித்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

1998-ல் ஜெஃப்ரியின் அமெதியோ கம்பெனி கவிழ்ந்தது. நாட்டின் முதலீட்டு நிறுவனத்திலிருந்து சுமார் 1,480 கோடி டாலரைத் திருப்பிவிட்டார் என்று சொந்த நாட்டு அரசே வழக்குப் போட்டது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய_பிஸ்டன்

பணக் கதை இருக்கட்டும். எனக்கு வயிறு எரியறது வேற விஷயத்துக்கு. கம்பெனி கவிழ்ந்ததும் வேலையாட்களை அனுப்பிட்டாங்க. வண்டிங்க நின்ன இடத்துலயே நின்னுது. பிற்பாடு உள்ள போய்ப் பார்த்தவங்க எழுதுனதைப் படிச்சேன். புரூணை பூமத்திய ரேகைப் பக்கம், வருஷம் பூரா புழுக்கம். ஏசி ஓடலன்னா என்ன ஆகும்னு கடலோரத்துல வண்டி வச்சிருக்கிற எவனுக்கும் தெரியும்.

முதல்ல தோல். பூஞ்சை பச்சையா படரும், துடைச்சா போகும், ஆனா தையல் நூல் இத்துப் போயிருக்கும். அப்புறம் பிரேக். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ரெண்டு மூணு வருஷம் மாத்தாம விட்டா காலிப்பர் உள்ள துரு, பிஸ்டன் ஒட்டிக்கும். டேங்க்ல பழைய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டர் அடைச்சிடும். டெஸ்டரோஸா வகை இன்ஜின்னா கேமுக்கு ரப்பர் பெல்ட். ஓடினாலும் ஓடாட்டியும் வயசானா மாத்தியே ஆகணும், அதை மாத்த இன்ஜினையே கீழ இறக்கணும். அதாவது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத எஃப்90-ஐ உயிர்ப்பிக்கணும்னா முழு இன்ஜினும் வெளிய வரணும். உதிரி பாகம்? ஆறு வண்டிக்கு யார் அச்சு வச்சிருப்பான்? கதவு ரப்பர் பீடிங் ஒண்ணு போனாலும் கையாலதான் செய்யணும்.

வி12 தம்பியோட கணக்குப்படி இவங்களும் "கேட்டுச் செய்ய வச்சவங்க"தான். ஆனா செய்ய வச்சு பூட்டி வச்சவங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணில்ல.

வி12_காதலன்

இந்த இடத்தில் என் கட்சியைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறேன். கேட்டுச் செய்வித்தால் மட்டும் போதாது, அது வெளியே வந்து நாலு பேர் கண்ணில் பட வேண்டும், அடுத்த வண்டிக்கு வழி விட வேண்டும். அந்தக் கணக்கில் 5000 ஜிடி தேறும், எஸ்விஜே தேறும், லியோபோல்டின் கப்ரியோலே பாதி தேறும். புரூணை வண்டிகள் தேறாது.

பத்மினி_விசிறி

ஒரு சின்னக் கேள்வி. இந்த ராஜாக்கள்ல யாராவது நிஜமா நல்லா வண்டி ஓட்டுனாங்களா? எல்லாரும் வாங்கறதைப் பத்தியே பேசறீங்க.

பிரசெல்ஸ்_பெடியன்

சியாம் (இண்டைய தாய்லாந்து) நாட்டு இளவரசர் பீரா. அவரை விட்டா ஆள் இல்லை. இங்கிலாந்தில வளந்தவர். 1935-ல 21-வது பிறந்தநாளுக்குச் உறவுக்கார இளவரசர் சூலா ஒரு ஈஆர்ஏ பந்தயக் காரை வாங்கிக் குடுத்தவர். பேர் ரோமுலஸ். அடுத்ததுக்கு ரெமஸ். மூண்டாவதுக்கு என்ன பேர் தெரியுமோ? ஹனுமான்! அதெல்லாம் இங்கிலாந்து வண்டி, ஆனா இத்தாலிக் கணக்கில மாசெராட்டி 8சிஎம் ஒண்டும் வைச்சு ஓடினவர். போருக்குப் பிறகும் விடேல்ல. சொந்த மாசெராட்டி 250எஃப் வாங்கி, 1955 தொடக்கத்தில நியூசிலாந்து கிராண்ட் பிரி வெண்டவர். ஷாவின்ர 5000 ஜிடி-யோட சேத்துப் பாத்தா, எனக்கு பீராவின்ர 250எஃப்-தான் உண்மையான "அரச மாசெராட்டி".

ஆக்டேன்93

பீரா பற்றித் தனி இழையே போடலாம். போடுங்கள் தம்பி.

ஒரு நடைமுறைக் கேள்வியோடு நான் விடைபெறுகிறேன். "ஷா குடும்பத்தினுடையது", "அரபு இளவரசருடையது" என்று இணையத்தில் விற்பனைக்கு வருகிற மியூராக்களில் எதை நம்புவது?

பழைய_பிஸ்டன்

எஸ்விஜே-ன்னா முதல்ல சந்தேகப்படுங்க. கம்பெனி செஞ்சது ஒரு கை விரல் கணக்கு. பிற்பாடு சாதா மியூராவை எஸ்விஜே மாதிரி மாத்துனது நிறைய. மாத்துனது தப்பில்ல, மாத்துனேன்னு சொல்லி வித்தா சரி.

வெளிய பேச்சை நம்பாம நம்பரைப் பாருங்க. சேஸி நம்பர், இன்ஜின் நம்பர், பெர்டோனே போட்ட பாடி நம்பர் மூணும் கம்பெனி ஆவணத்தோட ஒத்துப் போகணும். லம்போர்கினியே 2015-ல போலோ ஸ்டோரிகோன்னு ஒரு பிரிவு ஆரம்பிச்சிருக்கு, பழைய உற்பத்திப் பதிவேட்டை வச்சு சான்றிதழ் தருவாங்க. அப்புறம் முதல் டெலிவரி எந்த ஊருக்கு, எந்த டீலர் வழியா, எந்த நிறம். அரண்மனைங்க பெரும்பாலும் சொந்தப் பேர்ல வாங்காது. தூதரகம், ஏதாவது கம்பெனி, இல்ல செயலாளர் பேர்லதான் போகும். அதனால பில்லுல ராஜா பேர் இல்லாட்டி பொய்னு அர்த்தம் இல்ல. ஆனா பில்லும் இல்லாம, கடிதமும் இல்லாம, "குடும்பத்துல சொல்லிக்கிட்டாங்க"ன்னா, அதுக்கு நான் பத்து பைசா கூடுதலா தர மாட்டேன்.

கணக்குப்பிள்ளை

கடைசியில் நீங்களும் என் பக்கம் வந்துவிட்டீர்கள், செலவுச் சீட்டைக் காட்டு என்று.

பழைய_பிஸ்டன்

சீட்டு வேணும் சார். ஆனா கியர் டிரைவ் கேம் வச்ச 5000 ஜிடி ஒண்ணு கிடைச்சா, சீட்டு இல்லாட்டியும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பேன்.